32ஐ எப்போது கழிப்பது?

கேள்வி: மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் ஒரு பாடசாலையில் சாதாரண தர வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆசிரியையாகி இது மூன்றாவது வருடம். போன தவணைப் பரீட்சையில் “உடல் வெப்பநிலை 98.6 பாகை பரனைட். இதைச் செல்சியஸில் தருக” என்று கேட்டிருந்தேன். 34 பிள்ளைகளில் 11 பேர்தான் சரியாகச் செய்தார்கள். கனபேரின் விடை 22.8. சூத்திரத்தைப் பத்துத் தரம் எழுதவைத்தேன், பாட்டுப்போலச் சொல்லவும் வைத்தேன். இன்னொரு தலைவலி: “வெப்பநிலை 10 பாகை செல்சியஸால் கூடினால் பரனைட்டில் எவ்வளவு கூடும்?” என்றால் நல்லாகப் படிக்கிற பிள்ளைகளும் 50 என்கிறார்கள். ஆய்வுகூடத்தில் இருப்பது இரண்டே இரண்டு வெப்பமானி. நான் எங்கே பிழைவிடுகிறேன்?

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் கடிதத்தில் நான் நின்று வாசித்த இடம் அந்த 22.8தான். 98.6ஐ 5ஆல் பெருக்கி 9ஆல் வகுத்தால் 54.8 வரும். அதில் 32ஐக் கழித்தால் 22.8. சூத்திரம் சொல்வதோ முதலில் 32ஐக் கழித்து, பிறகு 5ஆல் பெருக்கி 9ஆல் வகுக்கச் சொல்லி; அப்படிச் செய்தால் சரியான விடை 37. அப்படியென்றால் சூத்திரத்தில் இருக்கிற மூன்று எண்களும் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம். பெருக்கலும் வகுத்தலும் சரி. 32ஐ முதலில் கழிப்பதா கடைசியில் கழிப்பதா என்ற இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். பத்துத் தரம் எழுதவைத்தும் இது தீராததில் ஆச்சரியமில்லை. எழுதுவதால் எண்கள் மனதில் நிற்கும். ஆனால் வரிசைக்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் சூத்திரத்துக்குள் தெரிவதில்லை.

அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது, 22.8 என்று எழுதிய பிள்ளை அந்த எண்ணைப் பார்த்துத் திடுக்கிடவில்லை என்பது. மார்கழி அடைமழையில் விடியற்காலை போர்வையை இழுத்து மூடுகிறோமே, அந்தக் குளிரே இங்கே கிட்டத்தட்ட அந்த அளவுதான். மனித உடம்பு அந்தச் சூட்டில் இருக்காது என்று பிள்ளைக்குத் தோன்றவில்லை. செல்சியஸ் எண் அதற்கு வெறும் எண்ணாகவே இருந்திருக்கிறது.

இது வகுப்பறையோடு முடிகிற விஷயமுமில்லை. சில வருடங்களுக்கு முன், மழைக்காலத்தில், என் தங்கச்சி வீட்டில் மருமகனுக்கு இரவு காய்ச்சல். புதிதாக வாங்கிய டிஜிட்டல் வெப்பமானியைக் கக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 38.9 என்று காட்டியிருக்கிறது. எங்கள் அம்மா காலமெல்லாம் “நூறு காய்ச்சல், நூற்றிரண்டு காய்ச்சல்” என்று சொல்லிப் பழகியவர். “முப்பத்தெட்டுத்தானே, காய்ச்சல் இல்ல” என்று சொல்லிவிட்டார். எல்லாரும் படுத்துவிட்டார்கள். விடிய நான் போய்ப் பார்த்தபோது பிள்ளை அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தான். 38.9 என்றால் 102 பரனைட். கருவி சரியாகத்தான் காட்டியிருக்கிறது, அளவுத்திட்டம்தான் வேறு. பிள்ளை சுகமாகிவிட்டான், கடவுள் புண்ணியம். ஆனால் சாதாரண தர விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு எடுத்த இரண்டு பேர் அன்று அந்த வீட்டில் இருந்தார்கள். அந்தச் சூத்திரம் அவர்களுக்கும் ஒருகாலம் பாடமாக இருந்ததுதான்.

நம் நாட்டில் வானிலை அறிக்கை செல்சியஸில் வருகிறது, வீட்டில் காய்ச்சலைப் பரனைட்டில் சொல்கிறோம். ஒரு பிள்ளை ஒரே நாளில் இரண்டையும் கேட்கிறது. ஆகவே சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பாடவேளையை எண்களோடு பழகவே கொடுங்கள். ஐஸ் உருகுவது செல்சியஸில் 0, அது பரனைட்டில் 32. நல்ல சுகமாக இருக்கிற உடம்பு 37, அது 98.6. தண்ணீர் கொதிப்பது 100, அது 212. கச்சான் காற்று வீசி, மத்தியானம் வெளியே தலைகாட்ட முடியாத நாள் 35, அது 95. இந்த நான்கும் கேட்ட மாத்திரத்தில் வாயில் வரவேண்டும். அப்புறம் எந்தக் கணக்குக்கும் விடை எழுதுமுன் “இது எந்த இரண்டுக்கும் நடுவில் வரவேண்டும்?” என்று கேளுங்கள். 98.6 என்பது 32க்கும் 212க்கும் இடையில், 95க்குக் கொஞ்சம் மேலே. அப்படியானால் செல்சியஸில் 35ஐத் தாண்டித்தானே வரவேண்டும்? 22.8 அங்கேயே பிடிபட்டுவிடும்.

இனி வரிசைக்கு வருவோம். இதற்கு நான் பல வழி பார்த்துவிட்டுக் கடைசியில் பிடித்துக்கொண்டது கரண்ட் பில்.

பிள்ளைகள் எல்லாருடைய வீட்டுக்கும் அந்தப் பில் வருகிறது. அதில் நிலையான கட்டணம் என்று ஒன்று இருக்கும். மாதம் முழுக்க ஒரு பல்பைக்கூடப் போடாவிட்டாலும் அதைக் கட்டத்தான் வேண்டும். அதற்கு மேல் பாவித்த யூனிட்டுக்கு ஏற்றபடி காசு. உண்மைப் பில்லில் யூனிட் கூடக் கூட விலையும் மாறும். அதை விட்டுவிட்டு, ஒரே விலை என்று வைத்துக்கொண்டு கரும்பலகையில் இப்படி எழுதுங்கள்: நிலையான கட்டணம் 320 ரூபாய், ஒரு யூனிட் 18 ரூபாய். ஒரு வீட்டில் 37 யூனிட் பாவித்தால் பில் எவ்வளவு? 37 × 18 = 666. அதோடு 320. மொத்தம் 986 ரூபாய்.

சரி, இப்போது திருப்பிக் கேளுங்கள். “பில் 986 ரூபாய் வந்திருக்கிறது. எத்தனை யூனிட் பாவித்திருப்பார்கள்?” வகுப்பில் கணக்கில் மிகவும் பின்தங்கிய பிள்ளையும் முதலில் 320ஐத்தான் கழிக்கும். நிலையான கட்டணத்துக்கும் யூனிட்டுக்கும் சம்பந்தமில்லை என்பது அதற்குத் தெரியும். மிச்சம் 666, அதை 18ஆல் வகுத்தால் 37. முழு 986ஐயும் 18ஆல் வகுத்தால் என்ன வரும் என்று ஒரு பிள்ளையைச் செய்யச் சொல்லுங்கள். 54.8 வரும். உங்கள் விடைத்தாள்களில் பார்த்த அதே 54.8! நிலையான கட்டணத்தையும் யூனிட்டாக நினைத்து வகுத்தால் வருகிற பிழை அது.

பிறகு ரூபாய்களை எல்லாம் பத்தால் வகுத்து, பக்கத்திலேயே எழுதுங்கள். 320 இடத்தில் 32, 18 இடத்தில் 1.8, 986 இடத்தில் 98.6. யூனிட் இருந்த இடத்தில் செல்சியஸ். இந்த இடத்தில் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பிள்ளைகளே சொல்லுவார்கள். 9ஐ 5ஆல் வகுத்தால் 1.8 என்பதை அதற்குப் பிறகு காட்டினால் போதும், புத்தகத்துச் சூத்திரம் தானாக வந்து உட்காரும்.

உங்கள் இரண்டாவது தலைவலிக்கும் மருந்து இதே பில்தான். போன மாதம் 20 யூனிட், இந்த மாதம் 30 யூனிட். பில் எவ்வளவு கூடியது? போன மாதம் 680, இந்த மாதம் 860. கூடியது 180, அதாவது பத்து யூனிட்டுக்கு 18 ரூபாய்ப்படி. அதோடு இன்னொரு 320ஐக் கூட்ட எந்தப் பிள்ளையும் நினைக்காது. நிலையான கட்டணம் இரண்டு மாதத்திலும் இருக்கிறது, வித்தியாசம் எடுக்கும்போது ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. அதேபோல 20 பாகை செல்சியஸ் என்பது 68 பரனைட், 30 என்பது 86. பத்துப் பாகை கூடினால் பரனைட்டில் 18 கூடும். 50 என்கிற பிள்ளைகள், “10 பாகையில் இருப்பது” என்ற கேள்விக்குரிய விடையை “10 பாகை கூடுவது” என்ற கேள்விக்குத் தந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தை அவசரப்பட்டுக் கடக்கவேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2015 பாரிஸ் உடன்படிக்கை பூமியின் சராசரி வெப்பநிலை உயர்வை 2 பாகை செல்சியஸுக்கு நன்றாகக் கீழே வைத்திருக்கவும், 1.5க்குள் நிறுத்த முயலவும் சொல்கிறது. அந்த 2 பாகை உயர்வு பரனைட்டில் 3.6. சூத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் 35.6 வரும். பூமி 35 பாகை சூடானால் நாமெல்லாம் எங்கே இருப்போம்? இப்படி ஒரு உதாரணத்தைச் சொல்லிவிட்டால், இருப்பதற்கும் கூடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளை மறக்காது.

இரண்டு வெப்பமானிதான் இருக்கிறது என்று மனம் வருந்தி எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பாடத்துக்கு இரண்டே போதும். இரண்டிலும் உள்ளே ஏறியிறங்குகிற சிவப்புத் திரவ நூல் தெரிகிற மாதிரி, அச்சடித்த எண்கள் மறையும்படி வெள்ளை ஒட்டுநாடாவை நீளமாக ஒட்டுங்கள். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுங்கள். மீன்வாடிக்கு வருகிற ஐஸில் கொஞ்சம் வாங்கி, நொறுக்கி, முகவையில் போட்டுச் சற்றுத் தண்ணீரும் விட்டுக் கிளறுங்கள். வெப்பமானியின் அடியில் உள்ள குமிழ் அதற்குள் நன்றாகப் புதைந்திருக்கவேண்டும். நூல் இறங்கி அசையாமல் நின்றதும் மாக்கர் பேனையால் அந்த இடத்தில் ஒரு கோடு. பிறகு கொதிக்கிற தண்ணீரில், குமிழ் அடியில் முட்டாதபடி பிடித்து, நூல் நின்ற இடத்தில் இன்னொரு கோடு. நாம் கடல் மட்டத்தில் இருப்பது இதற்கு வாய்ப்பு. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும்.

இனி ஒரு அணி இரண்டு கோட்டுக்கும் நடுவை 10 சம பங்காகப் பிரித்து 0, 10, 20 என்று 100 வரை எழுதட்டும். மற்ற அணி அதே நீளத்தை 18 பங்காகப் பிரித்து 32, 42, 52 என்று 212 வரை எழுதட்டும். அப்புறம் இரண்டையும் ஒரே இளஞ்சூட்டுத் தண்ணீரில் விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு அணி 40க்குக் கிட்ட என்னும், மற்ற அணி 104க்குக் கிட்ட என்னும். தண்ணீர் ஒன்றுதான், நூலின் உயரமும் ஒன்றுதான். பெயர் மட்டும் இரண்டு. 100 படி ஒரு பக்கம், 180 படி மறுபக்கம் என்பதைத் தங்கள் கையால் கோடு போட்டுப் பிரித்த பிள்ளைக்கு 1.8 எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. காய்ச்சல் பார்க்கிற வெப்பமானியை யாரும் வீட்டிலிருந்து கொண்டுவந்து சுடுதண்ணீரில் விட்டுவிடக்கூடாது. அதன் அளவு 42 பாகை செல்சியஸோடு முடிகிறது, அதற்கு மேல் போனால் கண்ணாடி வெடிக்கும். பழைய வகையென்றால் உள்ளே இருப்பது பாதரசம், நஞ்சு. ஆய்வுகூடத்தில் உள்ள சிவப்புத் திரவ வெப்பமானியே இதற்கு ஏற்றது.

“ஏன் சேர் 32? 0 என்று வைத்திருக்கலாமே?” என்று என்னிடம் முதன்முதலில் கேட்ட பிள்ளைக்கு “அது அப்படித்தான்” என்று பதில் சொன்னேன். இன்றைக்கும் அது எனக்கு மனவருத்தம். அந்தப் பிள்ளை கேட்டது மிக நல்ல கேள்வி, அதற்கு விடையும் இருக்கிறது. பரனைட் என்பவர் 1686இல் டான்சிக் நகரில் பிறந்தவர். 1724இல் தன் அளவுத்திட்டத்தை எழுதி வெளியிட்டபோது ஐஸ், தண்ணீர், நவச்சாரம் என்கிற உப்பு மூன்றும் கலந்த கலவையின் குளிரை 0 என்று வைத்தார். தண்ணீரும் ஐஸும் மட்டும் சேர்ந்த கலவைக்கு 32, மனித உடம்புக்கு 96. அந்த இரண்டுக்கும் வித்தியாசம் 64. 64ஐப் பாதி பாதியாக ஆறு தரம் பிரித்தால் ஒன்றில் வந்து நிற்கும். கையால் கோடு போடுகிறவருக்கு அது வசதி. பின்னாளில் தண்ணீரின் கொதிநிலையைச் சரியாக 212 என்று நிலைப்படுத்தியபோதுதான் உடம்பின் எண் 98.6க்கு நகர்ந்தது.

உப்புச் சேர்ந்தால் ஐஸ் 0 பாகைக்கும் கீழே போகும் என்பதை நம் மீன் வியாபாரிகளும் அறிவார்கள். ஐஸ் கட்டி செய்கிற இடங்களில் தண்ணீர்த் தகரங்களை இறக்கி வைப்பதும் உறையாமல் குளிர்ந்து நிற்கிற உப்புத் தண்ணீருக்குள்தான். உங்கள் செய்முறை முடிந்ததும் அதே முகவையில் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கறியுப்பு என்று போட்டுக் கிளறிக் காட்டுங்கள். நூல் பிள்ளைகள் போட்ட முதல் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கும். வெப்பமானியின் அளவு −10இல் முடிந்தால் அதற்குக் கீழும் போய்விடும், பயப்படவேண்டாம். பரனைட்டின் 0 எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அந்த நேரத்தில் கண்ணால் காண்பார்கள்.

செல்சியஸ் கதையும் ஒரு நிமிடம் சொல்லலாம். அவர் 1742இல் வெளியிட்ட அளவுத்திட்டத்தில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. அவர் இறந்த பிறகு சில வருடங்களுக்குள்ளேயே அதைத் தலைகீழாக்கி இன்றைய வடிவம் வந்தது. எது 0, எது 100 என்பது மனிதர் கூடித் தீர்மானித்தது என்று அறிந்துகொள்வது பிள்ளைக்குத் தைரியம் தரும்.

ரியூசன் வகுப்புகளில் “இரண்டால் பெருக்கி 30ஐக் கூட்டு” என்று ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுக்கிறார்கள். வானிலைக்கு அது ஏதோ ஓடும். 10 பாகைக்குச் சரியாகவே வரும். ஆனால் 37ஐப் போட்டுப் பாருங்கள், 104 வரும். சுகமாக விளையாடித் திரிகிற பிள்ளையைக் கடும் காய்ச்சல்காரனாக்கிவிடும். மனக்கணக்கு வேண்டுமென்றால் சரியான வழியே சுலபம்: இரண்டால் பெருக்கு, வந்ததில் பத்தில் ஒன்றைக் கழி, 32ஐக் கூட்டு. 37க்கு 74, அதில் 7.4 போக 66.6, அதோடு 32, 98.6. ஒரு புள்ளி பிசகாது.

இன்னொன்றும் இருக்கிறது, நன்றாக விளங்கிய பிள்ளைகளுக்கு மட்டும் பரிசாகக் கொடுங்கள். −40இல் இரண்டு அளவும் ஒன்றாகிவிடும். அந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் நிலையான கட்டணமே இல்லை. ஆகவே எந்தப் பக்கம் மாற்றினாலும் முதலில் 40ஐக் கூட்டி, 9/5ஆலோ 5/9ஆலோ பெருக்கி, கடைசியில் 40ஐக் கழித்தால் சரி. 98.6 + 40 = 138.6. அதை 5/9ஆல் பெருக்கினால் 77. 40ஐக் கழித்தால் 37. இதை முதல் நாளே கொடுத்தால் பாடமாக்குவதற்கு இன்னொரு சூத்திரமாகிப்போகும், அதனால்தான் பிந்திக் கொடுக்கச் சொல்கிறேன்.

கெல்வினைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அதே பிழை அங்கே வேறு உடுப்பில் வரும். செல்சியஸ் எண்ணோடு 273ஐக் கூட்டிக் கெல்வினாக்குவது சுலபம், எல்லாரும் செய்வார்கள். தன்வெப்பக் கொள்ளளவுக் கணக்கில்தான், அதாவது ஒரு கிலோகிராமை ஒரு பாகை சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை வைத்துச் செய்கிற கணக்கில்தான், மாட்டுவார்கள். ஒரு கிலோகிராம் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க எவ்வளவு வெப்பம்? வித்தியாசம் 70, கெல்வினிலும் 70தான். தண்ணீருக்கு அந்தக் கொள்ளளவு 4200, ஆகவே 4200 × 70 = 294,000 யூல். சில பிள்ளைகள் அந்த 70உடன் 273ஐக் கூட்டி 343 என்று போடுவார்கள். விடை ஐந்து மடங்குக்குக் கிட்டப் பெருத்துவிடும். இரண்டு பாகைகளுக்கும் ஒரே 273 கூடுகிறது, வித்தியாசத்தில் அது மறைகிறது. பில்லை மறுபடி நினைவுபடுத்துங்கள். “27 பாகையின் இரு மடங்கு எது?” என்றும் ஒரு தரம் கேட்டுவையுங்கள். 54 என்பார்கள். 27 பாகை என்பது 300 கெல்வின். அதன் இரு மடங்கு 600 கெல்வின், அதாவது 327 பாகை செல்சியஸ். உயர்தரத்தில் வாயு விதிகள் படிக்கப்போகிற பிள்ளைக்கு இது இப்போதே தெரிந்திருந்தால் நல்லது. “பாகை கெல்வின்” என்று எழுதினால் திருத்திவிடுங்கள், வெறும் கெல்வின்தான். 1967-68இல் நடந்த சர்வதேச அளவைகள் மாநாட்டில் அந்தப் பாகையை நீக்கிவிட்டார்கள்.

அடுத்த பரீட்சைக்குக் கேள்வி எழுதும்போது மாற்றும் கணக்குக்குக் கீழே “உங்கள் விடை நம்பத்தக்கதா? காரணம் தருக” என்று ஒரு வரி சேர்த்து அதற்குத் தனியாகப் புள்ளி வையுங்கள். கணக்கில் வழுக்கினாலும் “உடம்பு இவ்வளவு குளிராக இருக்காது, எங்கோ பிழைத்திருக்கிறது” என்று எழுதுகிற பிள்ளைக்கு நான் அந்தப் புள்ளியை முழுதாகக் கொடுப்பேன். போன தவணை 22.8 எழுதியவர்களின் விடைத்தாளைச் சிவப்புப் பேனையோடு விட்டுவிடாமல், 986 ரூபாய்ப் பில்லை அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே செய்யச் சொல்லுங்கள்.

ஐஸ் வாங்கும்போது மீன் போட்ட பெட்டியிலிருந்து எடுக்காமல், புதுக் கட்டியாகக் கேட்டு வாங்கி, நல்ல தண்ணீரில் ஒருதரம் கழுவிக்கொள்ளுங்கள். மேலே உப்புத் தண்ணீர் பட்டிருந்தால் பிள்ளைகள் போடுகிற முதல் கோடே கீழே இறங்கிவிடும். காலையில் வாங்கி மூடி போட்ட ரெஜிபோம் பெட்டியில் வைத்தால் நான்காம் பாடவேளை வரைக்கும் தாங்கும்.